அடையாளக் கார்டும் தனியுரிமையும்

மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது 1948ஆம் ஆண்டு ஜூன் திங்களில். காட்டுக்குள் புகுந்த கம்யூனிஸ்டுப் போராளிகளையும் ஊருக்குள் வாழ்ந்த மக்களையும் பிரித்தறிய வழி காணாது அன்றைய பிரிட்டிஷ் அரசாங்கம் தவித்தது. காட்டிலிருந்து இறங்கிய ஒருவன் தோட்டத்து லயத்தருகே நின்றால், அவனைப் பால்மரம் வெட்ட வந்தவன் என்றே எவரும் கொள்வர். ஆகவே அவ்வாண்டிலேயே ஆட்பதிவு தொடங்கியது. 12 வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொருவரும் தம் நிழற்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட கார்டு ஒன்றைக் கையோடு வைத்திருக்க வேண்டும் எனச் சட்டம் செய்தனர். சிங்கப்பூரிலும் அதே ஆண்டில் அது நடைமுறைக்கு வந்தது. தோட்டத் தொழிலாளர், ஈயச் சுரங்கத் தொழிலாளர், மீனவர், கடைக்காரர் ஆகிய எல்லாரும் விரலில் மை தோய்த்துப் பதிந்து கார்டு பெற்றனர். இக்கார்டின் ஆற்றலை முதலில் உணர்ந்தவர்கள் போராளிகளே எனலாம். மக்களிடமிருந்து கார்டுகளைப் பறித்து அழிக்கும் வேலையில் அவர்கள் இறங்கினர்.

அவசரகாலம் 1960ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் முடிவுற்றது. கார்டு முடிவுறவில்லை. மலாயாவில் 1959ஆம் ஆண்டின் தேசியப் பதிவுச் சட்டம் அதனை நிலைப்படுத்தியது. தனி நாடாகிவிட்ட சிங்கப்பூர் 1966இல் புதிதாகப் பதிவு நடத்திப் புதிய கார்டுகளை வழங்கியது. போர்க்காலக் காவல் ஏற்பாடாகப் பிறந்த ஒன்று, குடியுரிமையின் சான்றாக உருமாறியது. பின்னர்ப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கவும், மருத்துவமனையில் பெயர் பதியவும், வங்கியில் கணக்குத் திறக்கவும் அதுவே கேட்கப்பட்டது. அத்தோடும் நிற்கவில்லை. அலுவலகக் கட்டடத்தின் வாயிற்காவலர் அதனை வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விட்டார். பேரங்காடியின் அதிர்ஷ்டக் குலுக்குச் சீட்டில் அதன் எண்ணை எழுதச் சொன்னார்கள். எந்தச் சட்டத்தின்கீழ் வாயிற்காவலர் அதனைக் கேட்கிறார் என்று எவரும் வினவவில்லை. கேட்டார்கள், கொடுத்தார்கள்.

ஒரு நோக்கத்திற்காகத் திரட்டிய செய்தி, சந்தடியின்றி வேறொரு நோக்கத்திற்குப் பயன்படலாவதை நோக்க நழுவல் என்று சொல்லலாம். இக்காலக் கண்காணிப்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கருவிகளைப் பற்றியே பேசுகின்றனர்: கேமரா, கைத்தொலைபேசி, முகத்தை அடையாளம் காணும் கணினி. கருவி எதுவாயினும் இடர் பிறக்கும் இடம் இந்த நழுவலே ஆகும். அடையாளக் கார்டு எழுபது ஆண்டுகளில் நடந்த தொலைவை, 2020ஆம் ஆண்டில் வந்த ஒரு செயலி பத்தே திங்களில் நடந்து காட்டியது. அதனைப் பின்னர்க் காணலாம்.

சொல்லும் பொருளும்

இப்பொருளைக் குறிக்கத் தமிழில் மூன்று சொற்கள் வழங்குகின்றன: அந்தரங்கம், இரகசியம், தனியுரிமை. இவை ஒன்றுக்கொன்று ஈடாகக் கையாளப்படுவதால் பெருங்குழப்பம் விளைகிறது. அந்தரங்கம் என்றதும் ஒளித்துவைக்க வேண்டிய ஏதோ ஒன்று உண்டு என்ற எண்ணம் எழுகின்றது. இரகசியம் என்றால் அது இன்னும் வலுக்கிறது. "மறைக்க ஒன்றும் இல்லாதவனுக்கு அச்சம் எதற்கு?" என்னும் வாதம் இக்குழப்பத்திலிருந்தே பிறக்கிறது.

நோயாளி ஒருவர் தம் நோயை மருத்துவரிடம் தாமே சொல்கிறார். தாதி அறிவார், மருந்து கொடுப்பவர் அறிவார், வீட்டாரும் அறிவர். இத்தனை பேர் அறிந்த ஒன்றை இரகசியம் எனல் பொருந்தாது. ஆயினும் அதே செய்தி அவருடைய முதலாளியின் மேசைக்கோ காப்புறுதி நிறுவனத்திற்கோ அவர் அறியாமல் போய்ச் சேர்ந்தால் அவருக்கு இழைக்கப்படுவது அநீதியே. அவர் மறைக்கவில்லை, மருத்துவத்திற்கென்று கொடுத்தார். கொடுத்த நோக்கத்தோடு அது நிற்க வேண்டும் என்பதே அவருடைய உரிமை. ஆதலின் தனியுரிமை என்ற சொல்லே இங்குப் பொருத்தமானது. மாணவர்க்குக் கட்டுரை கற்பிப்போர் இவ்வேறுபாட்டைச் சுட்டிக்காட்டுதல் நன்று.

பழந்தமிழ் நூல்களில் ஒற்றாடல் அறியாத பொருள் அன்று. திருக்குறளின் 59ஆம் அதிகாரம் அதற்கென்றே அமைந்தது. நாட்டில் நிகழ்வன அனைத்தையும் அறிந்துகொள்வதை வேந்தனின் தொழிலாகவே அது கொள்கிறது. எனவே வள்ளுவரைத் தனியுரிமைக்குச் சான்றாக இழுத்து வருதல் பொருந்தாது. ஆனால் அங்கு வேறொரு நுட்பம் உண்டு. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக்கொண்டு ஒத்துப் பார்க்க வேண்டும். ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒன்றுபட்டால்தான் நம்பலாம் என்பது அவர் கருத்து. திரட்டப்பட்ட செய்தி பிழைபடக் கூடும் என்ற ஐயம் அவருக்கு இருந்தது. கணினித் திரையில் தோன்றும் எதனையும் அப்படியே நம்பிவிடும் இக்கால அலுவலகங்களில் அந்த ஐயம் அரிதாகவே காணப்படுகிறது.

அக்கால ஒற்றன் சுவரோரம் நின்று பேச்சைக் கேட்க வேண்டியிருந்தது. இன்று பேச்சைக் கேட்கத் தேவையில்லை. ஒருவருடைய கைத்தொலைபேசி வாரத்தில் மூன்று நாள், ஏறத்தாழ நான்கு மணி நேரம், ஒரே இடத்தில் தங்கியிருக்கிறது என்று மட்டும் தெரிந்தால் போதும். அவ்விடத்தில் இருப்பது எது என்று பார்த்தால், அவர் சிறுநீரகச் சுத்திகரிப்புக்குச் செல்பவர் என்று ஊகித்துவிடலாம். அவர் எவரிடமும் ஒரு சொல்லும் சொல்லியிருக்க மாட்டார்.

பெயரும் திறவுகோலும்

மலேசியாவின் அடையாள எண் 12 இலக்கங்கள் கொண்டது. 1990இல் இம்முறை வந்தது. முதல் ஆறும் பிறந்த ஆண்டு, திங்கள், நாள். அடுத்த இரண்டும் பிறந்த மாநிலம்: 01 ஜொகூர், 07 பினாங்கு, 08 பேராக், 10 சிலாங்கூர். கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். எண்ணைச் சொன்னாலே வயது, பிறந்த மாநிலம், பால் மூன்றையும் சொன்னதாயிற்று. பிறந்த நாளை நண்பர் வாழ்த்தப் பொதுவில் அறிவிப்போர், தம் எண்ணில் பாதியை அறிவித்துவிட்டதை உணர்வதில்லை.

சிங்கப்பூர் எண்ணில் ஓர் எழுத்து, ஏழு இலக்கங்கள், முடிவில் மீண்டும் ஓர் எழுத்து. 1968 முதல் பிறந்தோர்க்கு முதலிரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டைக் குறிக்கும். முதலெழுத்து, 2000ஆம் ஆண்டிற்கு முன் பிறந்தோர்க்கு எஸ், பின் பிறந்தோர்க்கு டி. கடைசி எழுத்து தற்செயலாக வைத்ததன்று. ஏழு இலக்கங்களையும் குறிப்பிட்ட எண்களால் பெருக்கிக் கூட்டி 11ஆல் வகுத்தால் வரும் மீதியே அவ்வெழுத்தைத் தீர்மானிக்கிறது. எண்ணைப் பிழையாக எழுதினால் கண்டுபிடித்துக்கொள்ளச் செய்த சரிபார்ப்பு அது.

இதனால் விளையும் ஒரு விந்தையை நோக்குக. முழு எண்ணைக் காட்டாமல் கடைசி மூன்று இலக்கங்களையும் இறுதி எழுத்தையும் மட்டும் காட்டுவது பாதுகாப்பான வழக்கமென்று நெடுநாள் கருதப்பட்டது. ஒருவரின் பிறந்த ஆண்டு தெரிந்தால் முதலெழுத்தும் முதலிரண்டு இலக்கங்களும் தெரிந்தனவாகும். கடைசி மூன்றோ எதிரே இருக்கின்றன. எஞ்சி நிற்பன நடுவில் உள்ள இரண்டு இலக்கங்களே. அவற்றிற்கு நூறு வாய்ப்புகள். இறுதி எழுத்தோடு ஒத்துவராதவற்றைக் கழித்தால் ஏறத்தாழ ஒன்பதே மிஞ்சும். பள்ளி மாணவன் ஒருவன் தாளும் பென்சிலும் கொண்டு ஒரு மாலைப்பொழுதில் செய்து முடிக்கக்கூடிய கணக்கு இது.

அப்படியானால் எண் வெளிப்பட்டால்தான் என்ன? எண் என்பது பெயரைப் போன்றது. இருவரைப் பிரித்துக்காட்ட உதவுவது. ஒரே வகுப்பில் இரண்டு முருகன்கள் இருந்தாலும் எண் வேறுபடும். பெயர் பிறர் அறிவதற்காகவே இருப்பது. ஆனால் எண்ணைப் பெயராக வைத்திருந்த நிறுவனங்களே அதனைத் திறவுகோலாகவும் ஆக்கிவிட்டன. தொலைபேசியில் அழைத்தவர் தம் எண்ணைச் சரியாகச் சொன்னால் அவர் அவரே என்று ஏற்றுக்கொண்டன. மின்னஞ்சலில் அனுப்பும் காப்புறுதிப் பத்திரத்தைத் திறக்கும் கடவுச்சொல்லாக அதே எண்ணை வைத்தன. வாயிற்கதவில் பெயர்ப்பலகையாகத் தொங்குவதையே வீட்டுச் சாவியாகவும் பயன்படுத்தியது போன்றது இது. சாவி தொலைந்தால் பூட்டை மாற்றலாம். பிறக்கும்போது கொடுத்த எண்ணை மாற்ற இயலாது; பெருவிரல் ரேகையை மாற்ற அதனினும் இயலாது.

தனியார் நிறுவனங்கள் தேவையின்றி இவ்வெண்ணைத் திரட்டலாகாது என்ற விதிமுறை சிங்கப்பூரில் 2019ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நடப்பில் உள்ளது. அதிர்ஷ்டக் குலுக்குச் சீட்டிலிருந்து எண் மறைந்தது அதன்பின்னரே. ஐந்தாண்டுகளில் மக்கள் தம் எண்ணைக் காத்துக்கொள்ளப் பழகினர். அந்நிலையில் 2024 டிசம்பர் 9ஆம் நாள், நிறுவனங்களைப் பதிவு செய்யும் அக்ரா ஆணையம் தன் புதிய இணையத்தளத்தைத் திறந்தது. அதில் பெயரைக் கொண்டு தேடினால் முழு அடையாள எண்ணும் கட்டணமின்றித் தெரிந்தது. 13ஆம் நாள் அத்தேடல் வசதி நிறுத்தப்படுவதற்குள் 500,000க்கும் மேற்பட்ட தேடல்கள் நடந்துவிட்டன. அமைச்சர்கள் மன்னிப்புக் கேட்டனர். பாதி எண்ணை மறைக்கும் வழக்கத்தைக் கைவிடுவது பற்றி அமைச்சு அனுப்பிய சுற்றறிக்கையை ஆணையம் தவறாகப் புரிந்துகொண்டது என்பது பின்னர் வெளிவந்த விளக்கம்.

அரசாங்கம் சொன்ன காரணம் கணக்கின்படி சரியானதே. பாதி மறைத்தல் பொய்யான பாதுகாப்புணர்வைத் தருகிறது. எண்ணைப் பெயராக மட்டும் கொள்க என்றது. மக்களின் கலக்கமும் நியாயமானதே. பூட்டுகளை மாற்றுமுன் சாவியைத் தெருவில் வைத்தது போலாயிற்று. எண்ணைக் கடவுச்சொல்லாகப் பயன்படுத்துவதை நிறுத்தும்படி தனியார் நிறுவனங்களுக்கு அறிவுரை வந்தது 2025 ஜூன் திங்களில். அது முந்தியும் திறப்பு பிந்தியும் நிகழ்ந்திருக்க வேண்டும்.

களவு போனவை

நழுவுவது ஒருபுறம்; திருட்டு மறுபுறம். 2018ஆம் ஆண்டு ஜூன், ஜூலைத் திங்களில் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் கணினிகளுக்குள் ஊடுருவியவர்கள் 1.5 மில்லியன் நோயாளிகளின் பெயர், அடையாள எண், முகவரி, பிறந்த நாள் ஆகியவற்றைக் கொண்டுசென்றனர். அவர்களுள் ஏறத்தாழ 160,000 பேருக்கு வழங்கிய மருந்துகளின் விவரமும் போயிற்று. அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரங்களை அவர்கள் குறிவைத்துத் திரும்பத் திரும்பத் தேடினர். விசாரணைக் குழு கண்டறிந்த குறைகளுள் எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொல்லும் ஒன்று. சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும் அதன் கணினிகளைப் பராமரித்த நிறுவனத்திற்கு 750,000 வெள்ளியும் 2019 ஜனவரியில் அபராதம் விதிக்கப்பட்டன.

மலேசியாவில் 2017ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியான செய்தி இதனினும் பெரிது. 46.2 மில்லியன் கைத்தொலைபேசி எண்களுக்குரிய வாடிக்கையாளர் விவரங்கள் இணையத்தில் விலைபேசப்பட்டன. அன்று அந்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 32 மில்லியன்தான். ஒருவர்க்கே இரண்டு மூன்று எண்கள் இருந்ததால் கணக்கு மக்கள்தொகையை விஞ்சியது. பெயரோடு முகவரியும் அடையாள எண்ணும் அவற்றில் இருந்தன. இன்று முன்பின் அறியாத ஒருவர் தொலைபேசியில் அழைத்துப் பெயரையும் அடையாள எண்ணையும் ஒப்பித்து, "போலீஸ் தலைமையகத்திலிருந்து பேசுகிறேன்" என்று மிரட்டும்போது, கேட்பவர் நம்பிவிடுகிறார். இத்தனை விவரமும் தெரிந்தவர் அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் எண்ணுவதில் வியப்பில்லை. அவ்வெண் பல ஆண்டுகளுக்கு முன்பே களவு போயிருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றுவதில்லை.

ஒரு செயலியின் வரலாறு

கொவிட்-19 தொற்று பரவத் தொடங்கிய 2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள், சிங்கப்பூர் அரசாங்கம் டிரேஸ்டுகெதர் என்னும் கைத்தொலைபேசிச் செயலியை வெளியிட்டது. உலகில் இவ்வகைச் செயலிகளுள் முன்னோடியாக அமைந்தது அது. நோயுற்றவர் அண்மையில் எவரெவரோடு நெருங்கியிருந்தார் என்று கேட்டறிய முன்பெல்லாம் அதிகாரிகள் அவரருகே அமர்ந்து நாள் முழுதும் விசாரிக்க வேண்டியிருந்தது. பேருந்தில் பக்கத்தில் அமர்ந்தவரின் பெயர் எவருக்குத் தெரியும்? அக்குறையை நீக்கவே இச்செயலி பிறந்தது.

அதன் அமைப்பைப் பாராட்டாமல் இருக்க முடியாது. புளூடூத் என்னும் குறுந்தொலைவு வானொலி அலையின் வழியே ஒவ்வொரு தொலைபேசியும் ஒரு தற்காலிகக் குறியீட்டை வெளியிட்டுக்கொண்டிருக்கும். அக்குறியீடு சிறிது நேரத்திற்கு ஒருமுறை மாறும். ஆதலால் வழியில் நின்று கேட்கும் அந்நியர் ஒருவரைப் பின்தொடர முடியாது. அருகில் வந்த தொலைபேசி அக்குறியீட்டையும் நேரத்தையும் அலையின் வலிமையையும் குறித்துக்கொள்ளும். அலை வலுத்திருந்தால் இருவரும் நெருங்கியிருந்தனர் என்று பொருள். எங்கே சந்தித்தனர் என்பதை அது பதியாது. பதிந்தவை 25 நாள் தொலைபேசியிலேயே இருந்து தாமே அழியும். தொற்று உறுதியானவர் மட்டும் தம் பதிவுகளைச் சுகாதார அமைச்சிடம் ஒப்படைப்பார்; குறியீட்டைப் பிரித்து இன்னார் என்று அறியும் திறவுகோல் அங்கேதான் இருந்தது. கைத்தொலைபேசி இல்லாத முதியோர்க்கென்று அதே ஆண்டு ஜூன் இறுதியில் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சிறு கருவியும் வழங்கினர்.

இதே காலத்தில் ஆப்பிள், கூகல் நிறுவனங்கள் வகுத்த முறை வேறு. அதில் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையும் அவரவர் தொலைபேசிக்குள்ளேயே நடந்துவிடும். எவரோடு எவர் நெருங்கினார் என்பது அரசாங்கத்தின் கைக்குப் போகாது. தொற்றின் தடத்தை விரைந்து பற்ற வேண்டுமானால் விவரம் அதிகாரிகளிடம் வர வேண்டும் என்று சிங்கப்பூர் கருதியது. அதற்கும் தக்க காரணம் உண்டு. எச்சரிக்கை வந்தவர் அதனைப் பொருட்படுத்தாமல் கடைத்தெருவுக்குப் போனால் தடுப்பார் யார்?

கட்டாயமின்றி மக்கள் இதனை ஏற்க வேண்டுமானால் நம்பிக்கை வேண்டும். தொற்றின் தடமறிதலுக்கு மட்டுமே இவ்விவரம் பயன்படும் என்று 2020 ஜூனில் அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் உறுதி கூறினார். மக்கள் நம்பினர். 2021 ஜனவரிக்குள் 4.2 மில்லியனுக்கும் மேற்பட்டோர் செயலியையோ கருவியையோ பெற்றுவிட்டனர்.

அவ்வாண்டு ஜனவரி 4ஆம் நாள் நாடாளுமன்றத்தில் எழுந்த ஒரு கேள்விக்கு விடையளித்த உள்துறைத் துணை அமைச்சர் டெஸ்மண்ட் டான், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் எந்த விவரத்தையும் கேட்டுப் பெறும் அதிகாரம் போலீசுக்கு உண்டு, டிரேஸ்டுகெதர் விவரமும் அதில் அடங்கும் என்றார். மறுநாள் விவியன் பாலகிருஷ்ணன், முன்னர் உறுதி கூறியபோது அச்சட்டத்தை எண்ணிப் பார்க்கவில்லை என ஒளிவின்றிக் கூறினார். ஒரு கொலை வழக்கில் அவ்விவரத்தைப் போலீசார் நாடியிருந்ததும் தெரியவந்தது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். செயலியை எவரும் உடைக்கவில்லை. விவரத்தை எவரும் திருடவில்லை. குறியீடுகள் மாறின, பதிவுகள் அழிந்தன, எல்லாம் சொன்னபடியே இயங்கின. செயலி பிறக்குமுன்பே இருந்த ஒரு சட்டம், பொதுவான சொற்களால் எழுதப்பட்ட ஒரு சட்டம், அதன்மீதும் பாய்ந்தது. சூழ்ச்சி என்று எதுவும் தேவைப்படவில்லை. கொலைகாரனைப் பிடிக்கப் போலீஸ் கையிலிருக்கும் வழியை எல்லாம் நாடுவதும் குற்றமாகாது. நல்ல நோக்கங்களால் நிகழ்வதாலேயே நோக்க நழுவலைத் தடுப்பது கடினமாகிறது.

மக்களின் மனவருத்தத்தை அரசாங்கம் விரைந்து உணர்ந்தது. பிப்ரவரி 2ஆம் நாளே சட்டத் திருத்தம் நிறைவேறியது. கொலை, பயங்கரவாதம், ஆட்கடத்தல், கடும் பாலியல் குற்றம் முதலான ஏழு வகைக் குற்றங்களுக்கு மட்டுமே அவ்விவரத்தைப் பயன்படுத்தலாம். மீறுவோர்க்கு 20,000 வெள்ளி வரை அபராதமோ ஈராண்டு வரை சிறையோ இரண்டுமோ உண்டு என்றாயிற்று. வாக்குறுதி சட்டமானது. ஆனால் முதலில் தந்த வாக்குறுதியில் விதிவிலக்கு ஒன்றும் இருந்ததில்லை. இப்போது ஏழு இருந்தன. சிங்கப்பூரின் முறையையே அடிப்படையாகக் கொண்டு செயலி அமைத்த ஆஸ்திரேலியா, அதனை வெளியிட்ட சில வாரங்களுக்குள்ளேயே, 2020 மே திங்களில், போலீஸ் உட்பட எவரும் வேறு எதற்கும் அதனைப் பயன்படுத்தலாகாது எனச் சட்டம் செய்துவிட்டது. சட்டம் முதலில் வந்ததா பின்னர் வந்ததா என்பதே இரு நாடுகளுக்குமிடையே இருந்த வேறுபாடு.

சட்டம் இருந்தாலே போதும் என்பதற்கும் இல்லை. ஜெர்மனியில் உணவகம் செல்வோரின் வருகையைப் பதிந்த லூக்கா என்னும் செயலியின் விவரங்களை வேறெதற்கும் தொடலாகாது என்று சட்டம் தடுத்திருந்தது. 2021 இறுதியில் மைன்ஸ் நகரப் போலீசார், உணவகத்திலிருந்து வெளியேறிய ஒருவர் விழுந்து இறந்ததை விசாரிக்கையில், அவ்விவரத்தைக் கேட்டனர். சுகாதார அலுவலகம் கொடுத்தும்விட்டது. பின்னர் அரசு வழக்குத் தொடுநர்கள் வருத்தம் தெரிவித்தனர்.

டிரேஸ்டுகெதர் 2023 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. திரட்டிய விவரங்கள் அழிக்கப்பட்டன. கருவிகளை மக்கள் திருப்பிக் கொடுத்தனர். மேற்சொன்ன கொலை வழக்கைச் சார்ந்த விவரம் மட்டும் காலவரையறையின்றி வைக்கப்படும் என்று அறிவித்தனர். திரட்டியதை அழிக்கும் அரசாங்கங்கள் அரியவை. இதனைக் குறிப்பிடாமல் விடுவது நேர்மையாகாது.

சட்டத்தின் எல்லை

சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012ஆம் ஆண்டினது. மலேசியாவின் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது, 2024இல் திருத்தப்பட்டது. இரண்டிற்கும் ஒரு பொதுக்கூறு உண்டு. இரண்டும் கடைகளையும் வங்கிகளையும் நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகின்றன, அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. சிங்கப்பூர் அரசு அமைப்புகளுக்கு 2018ஆம் ஆண்டின் தனிச் சட்டம் ஒன்று உண்டு. மலேசியாவிலோ மத்திய அரசாங்கமும் மாநில அரசாங்கங்களும் 2024 திருத்தத்திற்குப் பின்னரும் அச்சட்டத்திற்குப் புறம்பாகவே நிற்கின்றன. மிகப் பெரிய ஏடுகளை வைத்திருப்பவை அரசாங்கங்களே என்பதை நினைத்தால் இது சிறு விலக்கன்று.

"அரசாங்கம் நல்லது, அதனிடம் இருந்தால் என்ன?" என்று கேட்போர் நெதர்லாந்தின் வரலாற்றை அறிதல் வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முன் அந்நாட்டின் மக்கட்பதிவேடு ஒழுங்கிற்குப் பெயர்பெற்றது. ஒவ்வொருவரின் பெயர், முகவரி, குடும்பம் ஆகியவற்றோடு மதமும் அதில் இருந்தது. நல்லாட்சி நடத்திய ஊராட்சி எழுத்தர்கள் எவர்க்கும் தீங்கு நினையாது எழுதியது அது. 1940 மே திங்களில் ஜெர்மானியப் படை நாட்டைப் பிடித்தது; ஏடும் அதன் கைக்கு வந்தது. யூதர் எவர், எந்தத் தெருவில், எந்த வீட்டில் என்று தேடி அலையத் தேவையிருக்கவில்லை. அந்நாட்டில் வாழ்ந்த யூதரில் நான்கில் மூன்று பங்கினர் கொல்லப்பட்டனர். 1943 மார்ச் 27ஆம் நாள், ஓவியரும் எழுத்தாளருமான வில்லெம் அரோண்டெயுஸ் உள்ளிட்ட சிலர் போலீஸ் உடையணிந்து ஆம்ஸ்டர்டம் பதிவகத்துள் புகுந்து ஏடுகளுக்குத் தீ வைத்தனர். தீயணைப்பு வீரர்கள் வேண்டுமென்றே மெதுவாக வந்து, வேண்டியதற்கு மேலாக நீரைப் பாய்ச்சி எஞ்சிய கார்டுகளையும் நனைத்துப் பாழாக்கினர் என்பர். அரோண்டெயுசும் அவரோடு பதினொருவரும் அவ்வாண்டு ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்டனர். கார்டுகளில் சிறு பகுதியே அழிந்திருந்தது.

பள்ளிகளில் ஆசிரியர் கையாளும் ஏடுகள் அத்தகைய பெரிய ஏடுகள் அல்ல. ஆயினும் சுற்றுலாவுக்கு மாணவரை அழைத்துச் செல்கையில் பெயர், அடையாள எண், பெற்றோர் தொலைபேசி, ஒவ்வாத உணவு, உட்கொள்ளும் மருந்து ஆகியவை அடங்கிய பட்டியல் ஒன்று தயாராகிறது. பேருந்து நிறுவனத்திற்கு வேண்டியது தலைக்கணக்கு மட்டுமே. அடையாள எண் காப்புறுதிக்கு வேண்டலாம். மருந்து விவரம் உடன் செல்லும் ஆசிரியர்க்கு வேண்டும். மூவர்க்கும் வேண்டியதை ஒரே தாளில் எழுதி, அதனைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் பெற்றோர் அனைவர்க்கும் அனுப்புவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. ஒரு பிள்ளையின் வலிப்பு நோய்க்கான மருந்தின் பெயர், வகுப்பிலுள்ள பிற பிள்ளைகளின் வீடுகள் அனைத்திற்கும் அவ்வாறே போய்ச் சேருகிறது. மூன்று தனித்தனிப் பட்டியல்களாக எழுதிச் சுற்றுலா முடிந்ததும் கிழித்துவிடலாம். கூடுதலாகச் செலவாவது அரைமணி நேரமே.